நம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க யார் வருகிறார்கள்?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பொல்பிட்டியவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பழம்பெருமை பேசுவது வழக்கம். அதைப் பேச எம்மைவிடத் தகுதி வாய்ந்த மூத்தோர் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். எமக்குத் தரப்பட்ட நேரத்தில் ஒரு சிறிய விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். நமது பிள்ளைகள் நமது சொந்த மைதானத்தில் வலைப்பந்தாட்டம் ஆடும்போது, அதைப் பார்க்க யார் வருகிறார்கள்? முன்பு வந்தவர்கள் ஏன் இப்போது வருவதில்லை? அவர்களைத் திரும்ப வரவழைக்க முடியுமா?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நூற்றாண்டு நிதியை எவ்வாறு செலவிடுவது என்று செயற்குழு விரைவில் தீர்மானிக்க இருக்கிறது. நுழைவாயில் வளைவு, மண்டபத்துக்குப் புதிய கூரை, கணினி அறை என்று நல்ல யோசனைகள் வந்துள்ளன. அதேவேளை, உயர்தர வகுப்புகளில் இருந்து வலைப்பந்தாட்ட அணிக்கு ஏழு பேரைச் சேர்ப்பதே கடினமாகிவிட்டது என்று விளையாட்டுப் பொறுப்பாசிரியை சொல்கிறார். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் ஆட விரும்பும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதினைந்து வயது வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். இந்த நிலை தொடர்ந்தால் இன்னும் சில ஆண்டுகளில் நமது கல்லூரிக்கு மூத்த அணி என்று ஒன்று இருக்காது. அணி குறைவதற்கும் பார்வையாளர் குறைவதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

முதலில் பழைய நிலையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக் கொள்வோம். வலைப்பந்தாட்டக் களத்தின் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர். மலைநாட்டில் இந்த அளவுக்குச் சமதரை கிடைப்பதே அரிது. கூடைப்பந்தாட்டத்துக்கு வேண்டிய கொங்கிரீட் தளமும் பலகையும் நம்மைப் போன்ற சிறிய கல்லூரிகளுக்கு எட்டாதவையாக இருந்தன. மண்ணைச் சமப்படுத்தி, இரண்டு கம்பம் நட்டு, 3.05 மீற்றர் உயரத்தில் வளையத்தை மாட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டால் வலைப்பந்தாட்டம் ஆடலாம். அதனால்தான் இந்த ஆட்டம் நமது பெண் பிள்ளைகளின் ஆட்டமாயிற்று.

1990களில் நாங்கள் படித்த காலத்தில் முதலாம் தவணையில்தான் சிநேகபூர்வ ஆட்டங்கள் நடந்தன. சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. பாடசாலை விட்ட பிறகு, மாலை நான்கு மணியளவில் ஆட்டம் தொடங்கும். அந்த நேரத்தில் மலையில் வேலை முடிந்து, கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு அம்மாமார் அந்தப் பாதையால்தான் லயத்துக்குப் போவார்கள். களத்துக்கு மேலே இருந்த மண்மேடுதான் நமக்குப் பார்வையாளர் மாடம். தலையில் கட்டிய கயிற்றோடும் முதுகில் தொங்கிய கூடையோடும் ஒரு கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆட்ட விதிகள் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் யார் மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பது தெரியும். மின் நிலையத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள், கடை வீதிக்காரர்கள், தபாற்கந்தோர் ஊழியர்கள், பக்கத்துச் சிங்களக் கிராமத்துச் சிறுவர்கள் என்று எல்லோரும் அந்த மேட்டில் நிற்பார்கள். நுழைவுச்சீட்டு என்று ஒன்றும் இருக்கவில்லை. வேலையால் வீடு திரும்பும் பாதையிலேயே ஆட்டம் நடந்தது. அதனால் பார்த்தார்கள்.

இன்று அந்த மேடு வெறுமையாக இருக்கிறது. காரணம் கேட்டால் பலரும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சொல்கிறார்கள். அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் இதே ஊரில் ஆண்களின் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தால் கூட்டம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமருக்கும், கொழும்பில் 1879இல் தொடங்கிய றோயல் - தோமஸ் ஆட்டத்துக்கும் கைப்பேசி வந்த பிறகும் பழைய மாணவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். ஆகவே மக்களுக்கு ஆட்டம் பார்ப்பதில் ஆசை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நமது ஆட்டம் அவர்களது வழியிலிருந்து விலகிப் போய்விட்டது. எப்படி விலகியது என்று பார்த்தால் நான்கு காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, ஆட்டத்தின் அமைப்பு மாறியது. முன்பு இரு பாடசாலைகள் கடிதம் எழுதி நாள் குறித்து ஆடின. ஒருமுறை நாம் அங்கே போனால் மறுமுறை அவர்கள் இங்கே வருவார்கள். இப்போது பெரும்பாலான ஆட்டங்கள் கோட்டம், வலயம், மாகாணம் என்ற வரிசையில் நடக்கும் சுற்றுப்போட்டிகள். ஒரே நாளில், ஒரே மைதானத்தில் பல பாடசாலைகள் ஆடும். தோற்ற அணி உடனே வீடு திரும்பும். திறமையைத் தெரிவு செய்வதற்கு இது நல்ல முறைதான். அகில இலங்கைப் போட்டிவரை போவதற்கு வேறு வழியும் இல்லை. ஆனால் இந்த முறையில் எந்தச் சிறிய பாடசாலைக்கும் சொந்த மைதான ஆட்டம் என்பதே இல்லாமற் போகிறது.

இரண்டாவது, நேரம் மாறியது. சுற்றுப்போட்டி வார நாளில் காலை எட்டரைக்குத் தொடங்கும். தோட்டத்தில் அன்றாடப் பேர் போட்டு வாழும் ஒரு தாய்க்கு அதன் பொருள் என்ன? காலையில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. மதியத்தோடு திரும்பினால் அரைப் பேர். அதற்கு மேல் பஸ் காசு வேறு. நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கும் பெற்றோர் விடுப்பு எடுத்து வரலாம். நமது தாய்மார் மகளின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு ஒரு நாள் கூலியைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும். உலகத்தில் வேறெந்தப் பாடசாலை விளையாட்டுக்கும் இவ்வளவு விலையுள்ள நுழைவுச்சீட்டு இருக்காது.

மூன்றாவது, வாயில் மூடப்பட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நாடெங்கும் பாடசாலைகளில் பாதுகாப்பு இறுக்கப்பட்டது. பைகள் சோதிக்கப்பட்டன, வெளியார் உள்ளே வருவது கட்டுப்படுத்தப்பட்டது. அது அவசியமாக இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளே மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பிள்ளைகள் வகுப்புக்கு வருவதற்கே வாகனம் இல்லை. அயற்பாடசாலை அணியை எப்படி வரவழைப்பது? மூன்று முறை அடுத்தடுத்து வந்த தடையில் சிநேகபூர்வ ஆட்டங்கள் நின்றன. தடைகள் நீங்கிய பிறகு வகுப்புகள் மீண்டும் தொடங்கின, பரீட்சைகள் மீண்டும் நடந்தன. சிநேகபூர்வ ஆட்டங்களை மட்டும் யாரும் மீண்டும் தொடங்கவில்லை.

நான்காவது, பார்க்க வந்தவர்களே ஊரில் குறைந்துவிட்டார்கள். பல பிள்ளைகளின் தாய்மார் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்கள். அப்பாமாரும் அண்ணன்மாரும் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர் பாட்டி. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் பிள்ளைகளுக்கு வார இறுதி முழுவதும் தனியார் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தோழிகள்கூட மைதானத்தின் ஓரத்தில் நிற்பதில்லை.

இனி, இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் ஆடலாமே என்று சொல்லலாம். அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதற் பதில் ஆட்டம் தொடர்பானது. சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு ஒரு சாதகம் உண்டு என்பது விளையாட்டு உலகம் நீண்ட காலமாக அறிந்த உண்மை. அந்தச் சாதகத்தில் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 மே மாதத்தில் ஜேர்மனியின் புண்டஸ்லிகா உதைபந்தாட்டம் வெற்று அரங்குகளில் மீண்டும் தொடங்கியபோது, உள்ளூர் அணிகளின் வெற்றிகள் குறைந்தன. மைதானம் அதேதான், வீரர்களும் அவர்கள்தான். கூட்டம் மட்டும் இல்லை. நடுவர்கள் வெளியூர் அணிக்கு அதிகமாகத் தண்டனை கொடுக்கும் போக்கும் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஓரத்தில் நிற்கும் ஆட்கள் ஆட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் அல்ல என்பதற்கு இது சான்று.

இரண்டாவது பதில் வீடு தொடர்பானது. நமக்கு இதுவே முக்கியம். பதினைந்து வயதுப் பெண் பிள்ளை தொடர்ந்து ஆடுவதா, நிறுத்துவதா என்பதை அவள் தனியாகத் தீர்மானிப்பதில்லை. அம்மா, அப்பா, பாட்டி, சில வேளைகளில் மாமா எல்லோரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். "பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனி என்ன ஓட்டமும் பாய்ச்சலும்" என்று ஒருவர் தொடங்குவார். "பொழுதுபட்டு வருகிறாள்" என்று இன்னொருவர் சொல்வார். அந்தப் பேச்சில் பிள்ளைக்காகப் பேசக்கூடியவர் யார்? அவள் ஆடியதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்தவர். ஆட்டத்தைப் பார்க்காதவருக்கு விளையாட்டு என்பது பிள்ளை வீட்டுக்குத் தாமதமாக வருவதற்கான ஒரு காரணம் மட்டுமே. பார்த்தவருக்கோ, எதிரணிப் பிள்ளையின் கையிலிருந்து பந்தைத் தடுத்து எடுத்த தன் பேத்தி நினைவுக்கு வருவாள். முன்பு மேட்டில் நின்ற அம்மாமார் கைதட்டுவதற்காக மட்டும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான அனுமதியையும் அங்கே நின்றுதான் கொடுத்தார்கள். மேடு வெறுமையானபோது அந்த அனுமதியும் போயிற்று.

மருத்துவத் துறையில் இருக்கும் எமக்கு இந்த வயது ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள பாடசாலைப் பிள்ளைகளில், உலக அளவில் ஆண் பிள்ளைகளுள் 78 வீதமானோரும் பெண் பிள்ளைகளுள் 85 வீதமானோரும் அந்த அளவை எட்டவில்லை. எலும்பு தன் வலிமையைச் சேமித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வயதில்தான். குதிப்பதும் ஓடுவதும் திரும்புவதுமான ஆட்டங்கள் அதற்கு உதவுகின்றன. பிற்காலத்தில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் என்று கிளினிக் வரிசையில் நிற்கும் ஐம்பது வயதுப் பெண்களிடம் "நடவுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று நாங்கள் சொல்கிறோம். பதினைந்து வயதில் விளையாட்டைக் கைவிடச் சொல்லிவிட்டு ஐம்பது வயதில் உடற்பயிற்சி செய்யச் சொல்வது நியாயமா?

மலையேறிக் கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தாய்க்கு மலை உண்டு. மகளுக்கு வகுப்பறையும் தனியார் வகுப்பும் வீட்டு வேலையும்தான் உண்டு. மேலும், வேலைக் களைப்பு வேறு, விளையாட்டின் மகிழ்ச்சி வேறு. தோழியர் ஆறு பேரோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும் பழக்கத்தை எந்த மாத்திரையும் கொடுக்காது.

பெண்களின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு யாரை அனுமதிப்பது என்ற கேள்வி, இந்த ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே இருந்து வந்திருக்கிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். பழக்கூடையை மாட்டி ஆடிய ஆட்டம் அது. அங்கிருந்து அதிகத் தூரமில்லாத ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் அதைப் பெண்களுக்கு ஏற்ப மாற்றினார். பந்தைப் பிடுங்கக் கூடாது, களத்தை மூன்றாகப் பிரித்து அவரவர் பகுதியில் ஆட வேண்டும் என்ற விதிகள் அவருடையவை. 1893 மார்ச்சில் அக்கல்லூரியின் இரு வகுப்பு மாணவியர் மோதிய ஆட்டத்துக்கு ஆண் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. பெண் பிள்ளைகள் ஓடுவதை ஆண்கள் பார்ப்பது முறையல்ல என்பது அக்கால எண்ணம். ஆனால் மாணவியர் தத்தம் வகுப்பின் நிறங்களைத் தாங்கி வந்து அரங்கை நிறைத்தார்கள். பெண்களின் ஆட்டத்துக்கு முதல் கூட்டம் பெண்களேதான்.

இந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய், 1901இல் வலைப்பந்தாட்டம் என்று தனி விதிகள் பெற்றது. இன்றும் வலைப்பந்தாட்டக் களம் மூன்று பகுதிகளாகத்தான் இருக்கிறது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதை மகளிர் கூடைப்பந்தாட்டம் என்றே அழைத்தார்கள். ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு விதியோடு ஆடிய இந்த ஆட்டத்துக்குப் பொது விதி வகுப்பதற்குப் பல நாடுகளின் பிரதிநிதிகள் 1960இல் எங்கே கூடினார்கள் தெரியுமா? நமது இலங்கையில். சர்வதேச சம்மேளனம் அமைந்ததும் இங்கேதான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியில் இலங்கையும் ஆடியது. ஆகவே இது எங்கிருந்தோ வந்த இரவல் ஆட்டம் என்று நமது பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை.

கூட்டம் வருவதும் வராததும் ஆசையைப் பொறுத்தது மட்டுமல்ல என்பதற்கு இன்னொரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1920 டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்களின் உதைபந்தாட்டம் ஒன்றைப் பார்க்க ஏறக்குறைய 53,000 பேர் வந்தார்கள். ஆடியது டிக் கேர் என்ற தொழிற்சாலைப் பெண்களின் அணி. மறு ஆண்டு, 1921 டிசம்பரில், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அரை நூற்றாண்டு காலம் அந்தத் தடை நீடித்தது. பிறகு "பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்" என்று உலகம் கேட்டது. வந்து கொண்டிருந்தவர்களுக்குத்தான் மைதானத்தைப் பூட்டினார்களே!

பூட்டைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் நமது நாட்டிலேயே பார்த்தோம். 2024 ஜூலையில் தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் நடந்தது. அனுமதி இலவசம். ஜூலை 28ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இறுதியாட்டத்தில் சமரி அத்தபத்துவின் அணி எட்டு விக்கெட்டால் இந்தியாவை வென்று முதல் முறையாகக் கிண்ணத்தை எடுத்தது. அரங்கை நிறைத்த மக்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கட்டணம் இல்லை, சொந்த மண் என்ற மூன்றும் சேர்ந்தபோது கூட்டம் வந்தது.

வலைப்பந்தாட்டத்தில் நமது பிள்ளைகளுக்குக் காட்டுவதற்குத் தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். யாழ்ப்பாணத்தின் ஒரு கிராமத்திலிருந்து, போர்க்காலத்தைக் கடந்து வந்து, 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியச் சம்பியனானபோது அந்த அணிகளில் ஆடியவர். அவுஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடினார். 208 சென்றிமீற்றர் உயரம் அவருக்கு வாய்த்தது. ஆனால் உயரமான பெண்ணை ஊர் கேலி செய்யாமல் களத்துக்கு அனுப்ப வேண்டுமே. அது தானாக நடப்பதில்லை.

சிறிய கல்லூரிகள் தம் கூட்டத்தை எப்படிக் காப்பாற்றுகின்றன என்பதற்கு அமெரிக்காவிலிருந்தே பாடம் எடுக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களை விட்டுவிடுவோம். 2023 ஒக்டோபரில் அயோவா பல்கலைக்கழகத்து மகளிர் கூடைப்பந்தாட்டத்தை உதைபந்தாட்ட அரங்கில் நடத்தி 55,646 பேரை வரவழைத்தார்கள். அது நமக்கு எட்டாத தொகை. ஆனால் அங்கே மூன்றாம் பிரிவு என்ற வகையில் நூற்றுக்கணக்கான சிறிய கல்லூரிகள் ஆடுகின்றன. விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுக்க அவற்றுக்கு அனுமதி இல்லை. அரங்கில் வந்து அமர்பவர்கள் சக மாணவர், பெற்றோர், ஊரார், பழைய மாணவர். நமது மேட்டில் நின்றவர்களும் இவர்கள்தானே.

இந்தியானா மாநிலத்தில் அப்லண்ட் என்ற சிறிய ஊரில் டெய்லர் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு டிசம்பரிலும், தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம், ஒரு கூடைப்பந்தாட்டத்தை மௌன இரவு என்று கொண்டாடுகிறார்கள். வேடிக்கையான வேடங்களில் வந்து அரங்கை நிறைக்கும் மாணவர்கள், தமது அணி பத்தாவது புள்ளியை எடுக்கும்வரை ஒரு சத்தமும் போடாமல் இருப்பார்கள். பத்தாவது புள்ளி விழுந்ததும் அரங்கமே வெடித்துவிடும். அதைப் பார்க்கவும் ஆடவும் பழைய மாணவரும் ஊராரும் காத்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் எல்லா ஆட்டத்துக்கும் ஆள் சேர்க்க ஒரு சிறிய கல்லூரியால் முடியாது. ஒரே ஓர் ஆட்டத்தை, ஒரு குறிப்பிட்ட நாளில், எல்லோரும் நினைவு வைத்திருக்கும்படி நடத்த முடியும். அங்கிருந்து நாம் எடுக்கக்கூடிய பாடம் அதுவே.

ஆகவே செயற்குழுவின் முன் எமது கோரிக்கைகளை வைக்கிறோம். பெரிய தொகை எதுவும் தேவையில்லை. வளைவையும் கூரையையும் கணினி அறையையும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. நிதியின் ஒரு சிறு பங்கை இதற்கென்று தனியாக வைக்கக் கேட்கிறோம்.

ஒன்று: ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்தில் ஒரு சொந்த மைதான ஆட்டம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. பெப்ரவரியில் மண் காய்ந்திருக்கும்.

இரண்டு: நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். பத்தாம் திகதியளவில் சம்பளம் வந்ததும் வரும் ஞாயிறு வேண்டாம். அன்று எல்லோரும் சாமான் வாங்க ஹற்றனுக்கும் கினிகத்தேனைக்கும் போய்விடுவார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போய் வந்து, சமையலும் முடிந்திருக்கும். யாருடைய பேரும் கெடாது.

மூன்று: தோட்டத்து டிவிசன்களிலிருந்து போகவர ஒரு பஸ். நிதியில் அதிகம் செலவாகப் போவது இதற்குத்தான். அதுவே அதிகப் பயன் தரும் செலவு. பாட்டிமார் ஏறி இறங்கக்கூடிய இடங்களில் பஸ் நிற்க வேண்டும்.

நான்கு: பெண்கள் பயன்படுத்தக்கூடிய, தண்ணீர் வசதியுள்ள, கதவு பூட்டக்கூடிய இரண்டு மலசலகூடங்கள் மைதானத்துக்கு அருகே. மாதவிடாய் நாட்களில் ஆடுவதற்குப் பிள்ளைகள் தயங்குவதற்கும், தாய்மார் நீண்ட நேரம் நிற்கத் தயங்குவதற்கும் இதுவே காரணம். இதை வெட்கப்பட்டு மறைப்பதால் பயனில்லை.

ஐந்து: மைதானத்துக்கு நான்கு விளக்குகள். பொல்பிட்டிய மின் நிலையம் 1969 முதல் இயங்குகிறது. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் தந்த தண்ணீர் கொழும்புவரை வெளிச்சம் கொடுக்கிறது. நமது பிள்ளைகள் மாலை ஐந்தரைக்குப் பந்தைக் காணாமல் பயிற்சியை நிறுத்துகிறார்கள். விளக்கு இருந்தால், வேலை முடிந்து வருபவர்கள் மீண்டும் நின்று பார்ப்பார்கள்.

ஆறு: எண்ணுவோம். இதற்குச் செலவே இல்லை. நமது ஆட்டப் பதிவேடுகளில் தேதி, எதிரணி, கோல் எண்ணிக்கை என்று எல்லாம் இருக்கின்றன. பார்க்க வந்தவர்களுக்கென்று ஒரு நிரல் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவோடும் வருகையாளர் தொகையையும் வெளியிடுகிறார்கள். நாமும் ஒரு நிரல் சேர்ப்போம். தாய்மார் எத்தனை, தந்தையர் எத்தனை, பாட்டிமார் எத்தனை, பழைய மாணவியர் எத்தனை என்று மாணவத் தலைவி ஒருத்தி எண்ணி எழுதட்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிரலையும், உயர்தர வகுப்பில் ஆடும் பிள்ளைகளின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாம் இன்று சொன்னது சரியா, தவறா என்று அந்தப் பதிவேடே சொல்லும். தவறென்று தெரிந்தால் நிதியை வேறு நல்ல காரியத்துக்கு மாற்றலாம்.

பாதுகாப்புப் பற்றி அதிபருக்கு இருக்கும் பொறுப்பை நாம் அறிவோம். அந்த ஒரு நாளுக்கு வாயிலில் நிற்கவும் பெயர் பதியவும் பழைய மாணவியரே முன்வர வேண்டும். ஒவ்வொரு டிவிசனிலும் நமது சங்கத்தவர் ஒருவராவது இருக்கிறார். வருபவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருந்து இந்த மலரைப் படிக்கப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உங்கள் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குச் சனிக்கிழமைகளில் போய் ஓரத்தில் நிற்கிறீர்கள். காலைக் குளிரில் கோப்பியும் கையுமாக நிற்கும் அந்த அனுபவம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் மகள் திரும்பிப் பார்த்து, அம்மா நிற்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு, மீண்டும் ஓடுவாள் அல்லவா? இங்கே இருக்கும் ஒரு தாயும் அப்படி நிற்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பஸ் இருக்கையும் போதும். நீங்கள் ஊர் வரும் பயணத்தைப் பெப்ரவரி மாதத்தில் அமைத்துக்கொள்ள முடிந்தால் மிகவும் நல்லது. முடியாதவர்கள் அந்த இருக்கைக்கு உதவலாம்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறோம். அம்மாவிடமும் பாட்டியிடமும் உங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறீர்கள், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, மூன்று வினாடிக்குள் பந்தை ஏன் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். விதி தெரிந்தால் பார்ப்பதில் சுவை கூடும். பெப்ரவரியில் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். மேட்டில் இடம் பிடித்து வைப்பது எங்கள் பொறுப்பு.